வடித்த ஆயிலின் அளவை எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரு சக்கர வாகனங்களின் விலை, மைலேஜ், புதிய மாடல்கள் பற்றித் தங்கள் நாளிதழில் செய்திகள் தொடர்ந்து வருகின்றன. இன்றைய பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களில் ஆயில் குறைந்தோ, ஆயில் ஓட்டம் தடைபட்டோ இன்ஜின் பிடித்துக்கொள்ளும்போது (சுழலாமல் இறுகி நின்றுவிடும்போது), வண்டியை வாங்கியவர் கையில் எந்தச் சான்றும் இல்லாமல் நிற்க நேர்வதைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், பழைய மாணவர்களின் பட்டறைகளுக்கு இன்றும் போய் வருபவன் என்ற முறையிலும் இதைப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர் பெட்டிக்கு வேறொன்று. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் ஒரே ஆயில்தான் பிஸ்டன், கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), காம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), கியர், கிளட்ச் தட்டுகள் என அத்தனைக்கும் வேலை செய்கிறது. நடுத்தரக் காரில் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் இருக்கும். நம் ஊரில் பெருவாரியாக ஓடும் 100 முதல் 125 சிசி வண்டிகளில் இருப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர், சிலவற்றில் அதைவிடவும் குறைவு. அந்த ஒரு லிட்டர், நிமிடத்துக்கு 7,000, 8,000 சுற்று வரை போகும் இன்ஜினுக்குள் சூடேறுகிறது, கியர் பற்களுக்கு இடையே நசுங்கிப் பிசுக்குத் தன்மையை இழக்கிறது, கிளட்ச் தட்டிலிருந்து உதிரும் தூளையும் சுமக்கிறது. காற்றால் மட்டும் குளிரும் இன்ஜின் என்றால், மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் சூட்டை வாங்கிக்கொள்வதும் இதே ஆயில்தான்.

கிராங்க்கின் பல்சக்கரத்தால் சுழலும் ஒரு சிறிய பம்ப், அடியிலுள்ள வலை வழியாக ஆயிலை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. பல வண்டிகளில் அது சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் போல்ட்டைச் சுற்றியுள்ள குறுகிய இடைவெளி வழியாக ஏறி, தலைப்பகுதியில் இருக்கும் காம்ஷாஃப்டுக்கும் வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். ஆயில் மட்டம் இறங்கும்போது பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. முதலில் பட்டினி கிடப்பது மேலே இருக்கும் காம்தான். கீழே கிராங்க்கிலுள்ள உருளை பேரிங், தெறிக்கும் ஆயிலைக் கொண்டு கொஞ்சகாலம் தாக்குப்பிடிக்கும். எனவே வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். டேப்பட் சத்தம் (வால்வுப் பக்கத்துத் தட்டல்) மட்டும் கூடும். ஓட்டுபவர் அதை அட்ஜஸ்ட் செய்யச் சொல்வார், செய்வார்கள், மறுபடியும் சத்தம் வரும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு இன்ஜின்கள் கெட்டுவிட்டன என்று பட்டறைகளில் பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு வந்ததால் காலையில் சோக் இழுக்கும் தொல்லை போயிற்று, புகை குறைந்தது, எரிபொருள் சரியான அளவில் எரிகிறது. ஆனால் உராய்வைக் குறைத்து மைலேஜைக் கூட்டுவதற்காக எடுத்த முடிவுகள், பராமரிப்பில் பழைய வண்டிகள் பொறுத்துக்கொண்ட அலட்சியத்தைப் பொறுப்பதில்லை. பிஸ்டன் வளையங்கள் மெலிந்திருக்கின்றன. அவை சிலிண்டர் சுவரை அழுத்தும் விசையும் குறைந்திருக்கிறது. 20டபிள்யூ-40 ஊற்றிய இடத்தில் இப்போது பல வண்டிகளுக்கு 10டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயில். ஆயில் மாற்றும் இடைவெளியோ நீண்டுகொண்டே போகிறது. சில வண்டிகளின் கையேட்டில் அது 10,000 கிலோமீட்டர் வரை போயிருக்கிறது. வாங்குபவருக்குச் செலவு குறைவு என்று விளம்பரத்தில் சொல்ல இது நன்றாக இருக்கிறது. அதே கையேட்டில், இடையிடையே ஆயில் மட்டத்தைப் பார்த்துக் குறைந்தால் ஊற்ற வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. அந்த வரியை ஷோரூமில் யாரும் படித்துக் காட்டுவதில்லை.

கணக்கு எளியது. 900 மில்லி ஆயில் கொள்ளும் ஓர் இன்ஜின் 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லி ஆயிலை எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 4,000 கிலோமீட்டரில் உள்ளே மிஞ்சுவது 500 மில்லி. காரில் 400 மில்லி குறைந்தால், ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஒரு கோடு கீழே இறங்கும், அவ்வளவுதான். இங்கே ஏறத்தாழ பாதி காணாமல் போயிருக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பொருத்திய வண்டியில், கொஞ்சமாக எரியும் ஆயில் நீலப் புகையாக வெளியே தெரிவதும் குறைவு. ஆகவே, ‘புகை அடிக்கவில்லையே, எப்படி ஆயில் குறையும்?’ என்ற பழைய சோதனை இன்று செல்லாது.

சரி, வண்டிக்காரரே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியைச் சமதளத்தில் மெயின் ஸ்டாண்டு போட்டு, சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே வடிய இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து, பல வண்டிகளில் அதைத் திருகாமல் துளையில் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் அளவு தவறாகக் காட்டும். ஆனால் இன்று இளைஞர்கள் விரும்பி வாங்கும் பல வண்டிகளில் மெயின் ஸ்டாண்டே கிடையாது. டிப் ஸ்டிக்குக்குப் பதிலாக இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு சிறு கண்ணாடி வட்டம் இருக்கும். ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் தரையில் குனிந்து அதைப் பார்க்க வேண்டும். தனியாக வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தொழிலாளி இதை எத்தனை முறை செய்வார்? விளக்காவது எரியுமா என்றால், 200 சிசி-யும் அதற்கு மேலும் உள்ள சில வண்டிகளைத் தவிர, பெரும்பாலானவற்றில் ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கே இல்லை. பிஎஸ்-6 விதிகளின்படி மீட்டரில் எரியும் மஞ்சள் இன்ஜின் விளக்கு, புகைக் கட்டுப்பாட்டோடு தொடர்புடைய சென்சார்களுக்கானது. ஆயில் பாதியாகக் குறைந்தாலும் அது எரியாது. பலர் அந்த விளக்கை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

என் தங்கை மகன் உணவு விநியோக வேலை செய்பவர். அவருடைய 160 சிசி வண்டி, உத்தரவாதக் காலம் முடியும் முன்பே, சேலத்துக்கு வெளியே நான்கு வழிச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கையில் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்று வண்டி இழுபட்டது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் விழாமல் ஓரம் கட்டினார். பின்னால் வந்த லாரிக்காரர் விலகிப் போனது அவர் செய்த புண்ணியம். வண்டியை டெம்போவில் ஏற்றி, வழக்கமாகச் சர்வீஸ் விடும் அதே நிறுவனச் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோனோம். கழற்றிப் பார்த்துவிட்டு, ‘ஆயில் அளவு குறைவாக இருந்தது, வாடிக்கையாளரின் கவனக்குறைவு, உத்தரவாதம் பொருந்தாது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அங்கேயே ஆயில் மாற்றியிருந்தார். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டேன். பில்லில் ஒரு பாட்டில் என்று இருக்கிறது என்றார்கள். அதற்கு முந்தைய ஆயிலை வடித்தபோது எவ்வளவு வந்தது என்று கேட்டேன். அதை யாரும் அளப்பதில்லை என்றார்கள்.

இன்ஜினைத் திருப்பி வாங்கி, பழைய மாணவர் ஒருவரின் லேத் பட்டறையில் வைத்துப் பார்த்தோம். காம்ஷாஃப்டின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்க மேட்டில் மேல்தோல் உரிந்து குழி விழுந்திருந்தது. ராக்கர் முகம் நகம் பட்டால் மாட்டும் அளவுக்குக் கோடு போட்டிருந்தது. அலுமினியத் தலையில் சுழலும் காம்ஷாஃப்டின் எஃகு முனை சூட்டில் நீலம் பாரித்திருந்தது. பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கப் பாவாடையில் (கீழ்ப்பகுதியில்) நீளவாக்கில் கீறல்கள். கிராங்க் பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. மேலே ஆயில் போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஆனால் ஏன் போகவில்லை? ஆயில் குறைந்ததா, ஆயில் வழி அடைத்ததா, பம்பின் இடைவெளி கூடிப்போனதா, சர்வீஸில் குறைவாக ஊற்றினார்களா, வளையம் தொடக்கத்திலிருந்தே ஆயிலை எரித்துக்கொண்டிருந்ததா? ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு. அதைப் பிரித்துச் சொல்வதற்குத் தேவையான முதல் தகவல், முந்தைய சர்வீஸ்களில் வடித்த ஆயிலின் அளவு. அது எழுதப்படாததால் பழி முழுவதும் ஓட்டியவர் தலையில் விழுந்தது.

என் கோரிக்கை இதிலிருந்துதான் எழுகிறது. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும், வடித்த ஆயிலை அளவுக் குவளையில் பிடித்து, எத்தனை மில்லி வந்தது, புதிதாக எத்தனை மில்லி ஊற்றப்பட்டது, என்ன தரம் என்ற மூன்றையும் ஜாப் கார்டில் (சர்வீஸ் விவரச் சீட்டில்) எழுதி வாடிக்கையாளருக்குக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். ஊற்றிய அளவைவிட 300 மில்லி குறைவாக வடிந்தது என்று முதல் சர்வீஸிலேயே தெரிந்தால், அந்த இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று உத்தரவாதக் காலத்திலேயே நிறுவனத்திடம் முறையிடலாம். அளவு கூடுதலாக வந்தால் அதுவும் ஒரு சேதிதான்: பக்கத்துத் தெருவுக்கும் கடைக்குமாகக் குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளில் சூடேறாத இன்ஜினிலிருந்து பெட்ரோல் கசிந்து ஆயிலோடு கலப்பதுண்டு.

வடித்த ஆயிலை அளப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சர்வீஸ் மையங்கள் சொல்ல முடியாது. பழைய ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் அதைக் கண்டவரிடம் கொடுக்கக் கூடாது. 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் பழைய ஆயிலைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு வந்துவிட்டது. பட்டறைகளிலோ அது இன்றும் சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும் செயினுக்கு விடவும் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வண்டியிலும் வடித்ததை எழுதினால், மாத முடிவில் எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்ற கணக்கும் தானாக வந்துவிடும்.

உலகின் பெரிய நிறுவனங்களும் ஆயில் அமைப்பில் இடறியிருக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் ஹோண்டா கொண்டுவந்த விஎஃப்750 வண்டிகளின் நான்கு சிலிண்டர் வி இன்ஜினில் காம்ஷாஃப்ட் விரைவில் தேய்ந்தது. தலைப்பகுதிக்கு ஆயில் போதிய அளவு போகவில்லை என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1986இல் விஎஃப்ஆர்750 வந்தபோது காம் இயக்கமே செயினிலிருந்து பல்சக்கரத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. ஹார்லி டேவிட்சனின் மில்வாக்கி-எய்ட் இன்ஜின் 2017 மாடல்களில் வந்தபோது, கிராங்க் அறையில் தேங்கும் ஆயிலைத் திரும்ப இழுக்கும் பம்ப் ஈடுகொடுக்கவில்லை என்ற புகார் அமெரிக்க உரிமையாளர்களிடமிருந்து எழுந்தது. தேங்கிய ஆயிலில் கிராங்க் அடித்துக்கொண்டு சுழலும்போது இழுவை குறையும், சூடு ஏறும், ஆயில் மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வடிகட்டிக்குள் போகும். பம்பின் வடிவம் பின்னர் மாற்றப்பட்டது. அதே 2017இல் ஆயில் குழாயின் கிளாம்ப் சரியாகப் பொருந்தாததால் ஆயில் பின்சக்கரத்தின் வழியில் சிந்தலாம் என்று சொல்லி, அந்த நிறுவனம் உலகெங்கும் சுமார் 57,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சென்னையில் 1955 முதல் செய்யப்பட்ட பழைய வார்ப்பிரும்பு புல்லட்டிலும் வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் ஆயில் கிராங்க் அறைக்கு இறங்கிவிடும். ஆனால் அதை ஓட்டியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. பம்ப், ஃபில்டர், குழாய் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. இன்றைய இன்ஜினில் உரிமையாளர் திறக்கக்கூடியது ஆயில் மூடி ஒன்றுதான். அந்த அளவுக்குத் தகவல் தரும் பொறுப்பு தயாரிப்பாளருக்குக் கூடுகிறது.

நம் நாட்டில் திரும்ப அழைக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுபவருக்கோ, சாலையில் செல்லும் மற்றவர்களுக்கோ தீங்கு விளைவிக்கும் குறை இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். குறிப்பிட்ட விகிதத்தில் புகார்கள் சேர வேண்டும். இன்ஜின் பிடித்துக்கொள்வதைப் பலரும் செலவுப் பிரச்சினையாக மட்டுமே பார்ப்பதால் அந்தப் புகார்கள் சேர்வதே இல்லை. 125 சிசி-க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் பிரேக்கைக் கட்டாயமாக்கினோம்; சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக் கூடாது என்பதுதான் காரணம். ஓடும் வேகத்தில் இன்ஜின் பிடித்தாலும் பூட்டிக்கொள்வது சக்கரம்தான், அங்கே ஏபிஎஸ் எந்த உதவியும் செய்யாது. ஒரே ஆபத்தின் ஒரு பாதிக்கு விதி வைத்துவிட்டு மறுபாதியை வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல் இரு சக்கர வாகனங்கள் விற்கும் நாட்டில், ஆயில் அழுத்தமோ மட்டமோ குறைந்தால் எரியும் ஒரு விளக்கை எல்லா மோட்டார் சைக்கிள்களுக்கும் கட்டாயமாக்குவது பெரிய செலவாகாது. அழுத்தம் குறைந்த பிறகு எரியும் விளக்கு தாமதமான எச்சரிக்கை என்பது உண்மை. அதனால்தான் வடித்த அளவை எழுதும் பழக்கமும் சேர்ந்தே வர வேண்டும் என்கிறேன்.

பழியை நிறுவனங்கள் மீது மட்டும் போடுவதும் சரியல்ல. விலை மலிவு என்று காருக்கான மெல்லிய ஆயிலை வாங்கி ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள உராய்வு குறைப்புப் பொருள் கிளட்சை வழுக்கச் செய்யும். ஜாஸோ என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டில் கியர் வண்டிக்கு எம்ஏ அல்லது எம்ஏ2, கியரில்லா ஸ்கூட்டருக்கு எம்பி என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். காலி டப்பாவை முழுதாக எடைக்குப் போடாமல் வெட்டிப் போட வேண்டும். போலி ஆயில் அதே டப்பாவில்தான் திரும்ப வருகிறது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் மூழ்கிய வண்டிகளை, ஆயிலை மாற்றாமலே ஸ்டார்ட் செய்து கெடுத்தவர்கள் பலர். டிப் ஸ்டிக்கில் ஆயில் நீர் கலந்து பால் காப்பி நிறத்தில் வந்தால் செல்ஃப் பட்டனைத் தொடக் கூடாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கு இரண்டு பேர் ஏறிப் போகும் முன்பு ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும்; முதல், இரண்டாம் கியரிலேயே நெடுநேரம் ஏறும்போது ஆயில் கொதிப்பதோடு, சாய்வில் அது பின்னுக்கு ஒதுங்குவதால் மட்டம் ஏற்கனவே குறைந்திருந்தால் உறிஞ்சும் வலை காற்றைத் தொட வாய்ப்பு அதிகம்.

இருந்தாலும் அதிகம் பாதிக்கப்படுவது மலை ஏறுபவர்கள் அல்ல, நகரத்துக்குள் நாள் முழுவதும் வண்டியிலேயே பிழைப்பவர்கள். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் விநியோகத் தொழிலாளிக்கு 6,000 கிலோமீட்டர் இரண்டே மாதத்தில் வந்துவிடும். உணவகத்து வாசலில் ஓடவிட்டு நிற்பது கிலோமீட்டர் மீட்டரில் ஏறாது. ஆயிலுக்கு மட்டும் வயது ஏறும். இவர்களுக்கென்று குறுகிய இடைவெளியை நிறுவனங்கள் கையேட்டிலேயே தனியாக அச்சிட வேண்டும். கடினமான பயன்பாட்டில் முன்கூட்டியே மாற்றவும் என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி போட்டுவிட்டு, பிறகு அதையே உத்தரவாதத்தை மறுக்கும் ஆயுதமாக எடுப்பதை ஏற்க முடியாது.

தகராறு வந்தபின் என்ன செய்வது என்பதையும் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் குறிப்பிட வேண்டும். இன்ஜினைக் கழற்றும்போது உடனிருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வடிக்கும் ஆயிலை உங்கள் கண்முன் அளக்கச் செய்து, அதில் கொஞ்சத்தைச் சுத்தமான பாட்டிலில் முத்திரையிட்டு வாங்கி வையுங்கள். தேய்ந்த உதிரிகளைத் திருப்பிக் கேளுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சோதித்துப் பார்க்காமல் குறையை நிர்ணயிக்க முடியாத பொருளின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஒரகடத்திலேயே மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இத்தகைய வழக்குகளில் உதிரிகளையும் ஆயிலையும் நியாயமான கட்டணத்தில் சோதித்துத் தரும் ஏற்பாட்டை அங்கே செய்ய முடியாதா என்பதை அரசு பரிசீலிக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யும்போது, ஓடும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டது என்ற விவரத்தைத் தவறாமல் சொல்லுங்கள். வெறுமனே இன்ஜின் பழுது என்று சொன்னால் அது பாதுகாப்புக் குறையாகக் கணக்கில் வராது.

ஒசூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இலட்சக்கணக்கில் மோட்டார் சைக்கிள் செய்யும் மாநிலம் நம்முடையது. மத்திய அரசு விதி திருத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சர்வீஸ் ஜாப் கார்டில் வடித்த ஆயிலுக்கும் ஊற்றிய ஆயிலுக்கும் இரண்டு கட்டங்களைச் சேர்க்கச் சொல்லி, தமிழகப் போக்குவரத்துத் துறை தயாரிப்பாளர்களை அழைத்துப் பேசலாம். அந்தக் கட்டங்களை நிரப்பாத சர்வீஸ் மையம், ஆயில் குறைவு என்ற காரணத்தைக் காட்டி உத்தரவாதத்தை மறுக்க முடியாது என்றும் அதிலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
நாமக்கல்.